தொரசாணியும் சிறுத்தைப் பல்லிகளும்

இந்தப் பதிவை எழுதுவதா விடுவதா என்று ஏறத்தாழ ஓராண்டு காலம் யோசித்துக்கொண்டிருந்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் வீட்டுச் செய்திகளை எழுதிப் பிழைத்தவன் நான். கண்டி மாவட்டத்தில் நடந்த கொலை, கொள்ளை, மண்சரிவு, தேர்தல் என எதையும் கூசாமல் எழுதியிருக்கிறேன். சொந்த வீட்டுச் செய்தி என்று வரும்போது பேனை கனக்கிறது. கடைசியில் தங்கையிடமே கேட்டேன்.

"எழுதுங்கண்ணே. எனக்கு இனிமே என்னா? பேசுறவங்க எல்லாம் பேசி முடிச்சுட்டாங்க" என்றாள்.

ஆகவே எழுதுகிறேன்.

2016ஆம் ஆண்டு கோடையில் ரொறன்ரோ சென்று ஒன்றரை மாதம் தங்கியிருந்தேன். தங்கையின் மூத்த மகன் அங்கே ஸ்காபரோவில் இருக்கிறான். கண்டியில் உயர்தரத்தில் உயிரியல் படித்து, சில புள்ளிகளால் பல்கலைக்கழக அனுமதியைத் தவறவிட்டு, 1998இல் கனடா போனவன். பகலில் ஒரு களஞ்சியசாலையில் வேலை. வேலை முடிந்து வந்தால் வீட்டின் நிலக்கீழ் அறைக்கு இறங்கிவிடுவான். அங்கே என்ன இருக்கிறது என்று அவன் முதலில் எனக்குக் காட்டவில்லை. மூன்றாம் நாள் நானாகவே இறங்கிப் போனேன்.

புத்தக அலுமாரி போன்ற உயரமான தட்டுகள், அவற்றில் வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பல்லி. நான் பயந்து பின்வாங்கியதை மறைக்க விரும்பவில்லை. பல்லி தோளில் விழுந்தால் என்ன பலன், தலையில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டும் குடும்பத்தில் பிறந்தவன் நான். எழுபது எண்பது பல்லிகளை ஒரே அறையில் பார்த்தால் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது?

"மாமா, இது செவத்துல ஏறாது" என்று சிரித்தான் மருமகன். உண்மைதான். நம் வீட்டுப் பல்லிக்கு இருப்பது போன்ற ஒட்டும் பாதம் இதற்கு இல்லை. நம் பல்லிக்கு இல்லாத இமைகள் இதற்கு உண்டு. கண்ணை மூடித் திறந்து ஒரு முதியவரைப் போல என்னைப் பார்த்தது. பருத்த வாலில் கொழுப்பைச் சேமித்து வைத்துக்கொண்டு, பஞ்ச காலத்தை அதைக் கொண்டே தாண்டிவிடுமாம்.

சிறுத்தைப் பல்லி என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலப் பெயரும் அதுவே. மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் வறண்ட பாறை நிலங்கள் இதன் தாய்நாடு. 1854இல் இதற்கு அறிவியற் பெயரிட்டவர் எட்வர்ட் பிளைத். கல்கத்தாவில் ஆசியச் சங்கத்து அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், டார்வினுக்கு வளர்ப்பு விலங்குகள் பற்றிக் கடிதம் கடிதமாகத் தகவல் அனுப்பியவர். அந்தப் பல்லியே பிற்காலத்தில் வளர்ப்பு விலங்காகி, இத்தனை நிறங்களில் பெட்டிகளில் அடைபடும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

நிறங்கள்தான் மருமகனின் பைத்தியம். பெண் பல்லி ஒரு தடவைக்கு இரண்டு முட்டைகள் இடும், ஒரு பருவத்தில் பல தடவை இடும். முட்டைகளை ஈரமான பொருளில் பதித்துச் சூடேற்றும் பெட்டியில் வைப்பான். வெப்பம் 26 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் பெரும்பாலும் பெண் குஞ்சுகள், 32 பாகைக்குச் சற்று மேல் போனால் பெரும்பாலும் ஆண்கள், இன்னும் கூட்டினால் மறுபடி பெண்கள். ஆண் குழந்தைக்காகக் கதிர்காமத்துக்கும் நாகூருக்கும் நேர்த்தி வைத்தவர்களை எனக்குத் தெரியும். இங்கே ஒரு வெப்பமானியைத் திருகினால் போதும் என்றால் என்ன சொல்வது!

நிறம் அப்படித் திருகலுக்கு அகப்படாது. அது மெண்டலின் கணக்கு. சில நிறங்களுக்கு ஒரு பிரதி போதும். 'மாக் ஸ்னோ' என்ற வகையில், தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பிரதி வந்தால் மஞ்சள் வெளுத்துச் சாம்பல் வெண்மையாகும். இருபுறமிருந்தும் இரண்டு பிரதிகள் வந்தால் வெள்ளை உடம்பும் முழுக் கறுப்புக் கண்களும் கொண்ட வேறொரு பிராணியே பிறந்துவிடும். வேறு சில நிறங்கள் ஒளிந்து வாழ்பவை. பாடசாலையில் 'பின்னிடைவான இயல்பு' என்று படித்தது நினைவிருக்கலாம். ஒரு பிரதி மட்டும் இருந்தால் வெளியே அடையாளமே தெரியாது. அப்படி ஒளித்து வைத்திருக்கும் விலங்கை வளர்ப்பவர்கள் 'ஹெட்' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

ஒரு மாலையில் மருமகன் இரண்டு பெட்டிகளை என் முன்னால் வைத்தான். ஆணும் பெண்ணும் சாதாரண மஞ்சள் உடம்பு, கரும்புள்ளிகள். மூன்றாவது பெட்டியைத் திறந்தான். அதில் ஒரு குஞ்சு. கறுப்பு என்பதே இல்லை. இளஞ்சிவப்பும் வெளிர் மஞ்சளும் கலந்த மேனி. விளக்கைக் கண்டதும் கண்ணை இடுக்கிக்கொண்டது.

"அப்பனும் ஆத்தாளும் இதுங்கதான் மாமா. புள்ளையப் பாருங்க."

பார்த்தேன். அவன் யாரைப் பற்றிப் பேசுகிறான் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது.

என் தங்கை 1953இல் பிறந்தாள். கலஹாவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பத்துக் காம்பரா லயத்தில். எனக்கு அப்போது நான்கு வயது. நாங்கள் நால்வர், அவள் மூன்றாவது. கறுத்த அப்பாவுக்கும் மாநிறமான அம்மாவுக்கும் பிறந்த அவள் பால் போல வெளுத்திருந்தாள். முடி வைக்கோல் நிறம், இமை முடியும் அதே நிறம். கண்மணிகள் ஓரிடத்தில் நிற்காமல் ஊசலாடிக்கொண்டிருந்தன.

தோட்டத்தில் அப்போது துரை ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை. லயத்தில் யாரும் அம்மாவின் முகத்துக்கு நேரே எதையும் சொல்லவில்லை. குழந்தைக்குத் 'தொரசாணி' என்று பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான். துரையின் மனைவியைத் தொரசாணி என்று அழைப்பது மலையகத்து வழக்கம். அந்த ஒரு சொல்லுக்குள் முழுக் குற்றப் பத்திரிகையும் இருந்தது.

அப்பா அம்மாவை அடித்ததில்லை. பேசாமல் விட்டார். எத்தனை ஆண்டுகள் என்று என்னால் கணக்கிட்டுச் சொல்ல முடியவில்லை. நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் வரை அவர்கள் இருவருக்கும் இடையில் தூது போனது நினைவிருக்கிறது. "அப்பாட்ட சொல்லு, அரிசி முடிஞ்சு போச்சுன்னு." அப்பா அடுத்த அறையில் இருப்பார். அடுத்த அறை என்பதே ஒரு சாக்குத் திரைதான். பிற்பாடு பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. ஆனால் தங்கையை அவர் தூக்கி நான் பார்த்ததில்லை. 1979இல் அவர் இறந்தபோது தலைமாட்டில் இருந்து அழுதவள் அவள்தான்.

ஒரு செய்தியாளனாக இதைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவது ஓரிடத்தில். தோட்டங்களில் வெள்ளைத் துரைமாருக்குப் பிறந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் எப்படி இருப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கோதுமை நிறம், பழுப்பு முடி, சிலருக்குப் பூனைக் கண். அவர்களில் ஒருவருக்கும் வெள்ளை இமை இல்லை. ஒருவருக்கும் கண் ஊசலாடவில்லை, வெயிலில் கண் கூசவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்த நானும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டால், பார்க்கப் பயம். அது என் தாயாரைப் பற்றியது.

மருமகன் ஒரு தாளில் கட்டம் போட்டான். என் அப்பாவின் அம்மாவும் அம்மாவின் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். துறையூர்ப் பக்கத்திலிருந்து கங்காணியோடு வந்த ஒரு தம்பதியின் பிள்ளைகள். அந்தத் தம்பதியில் ஒருவரிடம் அந்த ஒளிந்த பிரதி ஒன்று இருந்திருக்க வேண்டும். அது ஒரு கிளையில் அப்பாவுக்கும் மறு கிளையில் அம்மாவுக்கும் இறங்கியிருக்கிறது. மாமன் மகளை அத்தை மகன் கட்டியபோது இரண்டு பிரதிகளும் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அப்படிப்பட்ட இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நாங்கள் நால்வரில் ஒருத்தி என்பது தற்செயல். "அது கோட்டா இல்ல மாமா, ஒவ்வொரு தடவையும் புதுசா சீட்டுக் குலுக்குறது" என்றான்.

அல்பினிசம் என்பது அதன் பெயர். மெலனின் என்ற கறுப்பு நிறப்பொருளை உடல் ஆக்கும் வழியில் ஏதோ ஒரு படி பழுதாகிவிடுகிறது. வெண்குட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, தொற்றுவதுமில்லை. மனிதரிடம் இதற்குப் பொறுப்பான பரம்பரையலகுகள் பல உண்டு. பல்லியிலும் அப்படியே. டிரெம்பர், ரெயின்வாட்டர், பெல் என்று மூன்று அல்பினோ வழிகள் இருக்கின்றன. முதலில் வளர்த்தெடுத்தவர்களின் பெயர்கள் அவை. பார்வைக்கு மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் டிரெம்பர் அல்பினோவையும் பெல் அல்பினோவையும் இணைத்தால், எல்லாக் குஞ்சுகளும் கரும்புள்ளியோடு பிறக்கும். ஒன்றில் பழுதான படி மற்றதில் சரியாக இருப்பதால் குஞ்சுக்கு இரண்டும் கிடைத்துவிடுகின்றன. புதிதாக வளர்ப்பவர்கள் இதைக் கண்டு, விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போவார்களாம். எங்கள் லயத்து ஆட்களின் முகங்கள் என் கண்முன் வந்தன.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. அம்மா 1984இல் இறந்துபோனாள். தன் மீது சொல்லப்படாத குற்றச்சாட்டுக்குத் தன் கணவனின் இரத்தமும்தான் சாட்சி என்று தெரியாமலே போய்விட்டாள்.

இத்துடன் முடிந்திருந்தால் இது ஒரு நல்ல பத்திரிகைக் கட்டுரை. ஆனால் மருமகன் அடுத்த நாள் இன்னொன்று சொன்னான்.

"மாமா, நீங்க 66 வீதம் ஹெட்."

வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் வார்த்தை அது. ஹெட் பெற்றோருக்குப் பிறந்த குஞ்சுகளில் அல்பினோவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, கணக்குப்படி, மூன்று. அவற்றில் இரண்டு ஒளிந்த பிரதியைச் சுமக்கும், ஒன்று சுமக்காது. எது எதுவென்று பார்வைக்குத் தெரியாது. ஆகவே அவற்றை '66 வீத ஹெட்' என்று எழுதி விற்பார்கள். அல்பினோவின் அண்ணனாகிய நான் அந்த மூன்றில் ஒருவன். என் தங்கையின் மகனாகிய அவனோ ஐயமின்றி ஹெட். தாயிடம் இரண்டுமே பழுதான பிரதிகள்தாம் என்பதால் ஒன்று கட்டாயம் வந்திருக்கும். அவளுடைய கணவர் அந்நியக் குடும்பம், எனவே மூன்று பிள்ளைகளும் கருநிறத்தில் பிறந்தார்கள்.

அவன் இதைச் சொன்ன விதத்தில்தான் எனக்குப் பதினைந்து ஆண்டுப் பழங்கணக்கு ஒன்று உறைத்தது.

2001இல் என் மகளை அவனுக்குக் கேட்டவள் என் தங்கை. எனக்கும் முழுச் சம்மதம். மகளுக்கும் மறுப்பில்லை. முறை மாப்பிள்ளை, அதிலும் கனடா மாப்பிள்ளை. அவன் தொலைபேசியில் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றான். காரணம் சொல்லவில்லை. எங்கள் கட்டுக்கலை வீட்டில் அது பெரிய அவமானமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. என் மனைவி ஏழெட்டு ஆண்டுகள் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நானும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய்விட்டு ஒரு தேநீரோடு எழுந்து வந்துவிடுவேன். மகளுக்கு வேறிடத்தில் திருமணமாகி அவள் நன்றாக இருக்கிறாள். ஆயினும் முள் உள்ளேயே இருந்தது.

"அப்பவே கணக்குப் போட்டியா?" என்று கேட்டேன்.

போட்டிருக்கிறான். அவன் கட்டாய ஹெட். நான் மூன்றில் இரண்டு பங்கு. என் மகளுக்கு அது இறங்கியிருக்க மூன்றில் ஒரு பங்கு. இருவருக்கும் பிறக்கும் பிள்ளை வெளுத்துப் பிறக்கப் பன்னிரண்டில் ஒரு பங்கு. பன்னிரண்டில் பதினொரு தடவை ஒன்றும் நடக்காது என்பதையும் அவனே சொன்னான்.

"பன்னெண்டுல ஒண்ணுக்காகவா?" என்றேன். குரல் சற்று உயர்ந்துவிட்டது.

அவன் வெகு நேரம் பெட்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "அம்மா பொழுது சாஞ்சப்புறம்தான் கடைக்குப் போவாங்க மாமா. நான் அவங்க கையப் புடிச்சுக்கிட்டுப் போவேன். எதுத்தாப்புல யாரு வர்றாங்கன்னு நான்தான் சொல்லணும். நீங்க கண்டியில இருந்தீங்க. நான் கூட இருந்து பாத்தவன்."

பதில் சொல்ல முடியவில்லை.

அவனுடைய பல்லிக் கணக்கில் பின்னர் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'லெமன் ஃப்ரொஸ்ட்' என்றொரு நிறம் 2015 வாக்கில் அமெரிக்காவில் புதிதாகத் தோன்றியது. எலுமிச்சை மஞ்சள் பளிச்சிட, அடிவயிறும் கண்ணும் பனி போல வெளுத்த பல்லி. கலிபோர்னியாவில் ஸ்டீவ் சைக்ஸ் என்ற வளர்ப்பாளர் அந்த வழியைப் பெருக்கினார். மூல ஆண் பல்லிக்கு 'மிஸ்டர் ஃப்ரொஸ்டி' என்று பெயர். ஒரு பிரதி வந்தாலே நிறம் வெளிப்படும் என்பதால் பெருக்குவது எளிது, விலையோ மிகப் பெரிது. மருமகனும் ஒரு பழைய கார் வாங்கும் பணத்தைக் கொடுத்து ஒரு சோடி வாங்கினான். நான் போயிருந்தபோது அவை இரண்டும் அந்த அறையின் இளவரசர்களாக இருந்தன.

2018இல் அவன் அனுப்பிய படத்தில் ஒன்றின் அடிவயிற்றில் வெள்ளைக் கட்டிகள் தெரிந்தன. ஒளியைத் தெறிக்க வைத்து வெண்மை காட்டும் கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகிப் புற்றாகியிருந்தன. எந்தக் கலம் அந்த அழகைத் தந்ததோ அதே கலம். 2021இல் லோஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லோங்ஹுவா குவோ, லியோனிட் குருக்லியாக் ஆகியோர், சைக்ஸின் பல்லிகளைக் கொண்டே செய்த ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்பின்ற்1 என்ற பரம்பரையலகோடு அந்த நிறம் பிணைந்திருக்கிறது, இந்த வகைப் பல்லிகளில் 80 வீதத்துக்கு மேற்பட்டவற்றில் கட்டிகள் வருகின்றன என்பது அதன் சாரம். மனிதரின் தோற்புற்று ஆராய்ச்சிக்கும் இது உதவக்கூடும் என்கிறார்கள்.

மருமகன் ஆய்வு வரும் வரை காத்திருக்கவில்லை. கட்டியைக் கண்ட அன்றே அந்தச் சோடியை இணைப்பதை நிறுத்திவிட்டான். நோய் வெளியே தெரியும் முன் குஞ்சுகளை விற்றுவிடு என்று ஆலோசனை சொன்ன நண்பர்களும் இருந்தார்கள். விற்கவில்லை. பெரியவை இரண்டையும் சாகும் வரை வைத்துப் பார்த்தான், குஞ்சுகளையும் அப்படியே. போட்ட பணம் போனது. இந்த ஒரு விடயத்தில் எனக்கு அவன் மேல் மரியாதை கூடியது என்று எழுதத் தயக்கமில்லை.

இடையில் ஒரு சிறு செய்தி. இந்தப் பல்லிகளை இங்கே கொண்டுவந்து வளர்த்தால் என்ன என்று கேட்கும் இளைஞர்கள் கண்டியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் நக்கிள்ஸ் மலையைக் காட்டுவேன். அங்கே மட்டும் வாழும் இலைமூக்கு ஓணான் ஒன்று உண்டு, எமர்சன் டெனன்ட்டின் பெயரைத் தாங்கியது. அதை இரகசியமாகப் பிடித்து வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விற்க ஒரு கூட்டம் அலைகிறது. இத்தகைய இலங்கை ஓணான்களுக்குச் சர்வதேச வணிகத் தடை கிடைத்தது 2019இல். அந்த மாநாடு கொழும்பில் நடக்கவிருந்து, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளால் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. நம் ஓணான்களுக்கு நீதி கிடைத்ததை நம் மண்ணிலேயே பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

ரொறன்ரோவிலிருந்து திரும்பியதும் கலஹாவுக்குப் பேருந்து ஏறினேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தைத் தாண்டி, ஹிந்தகலையைத் தாண்டி மலையேறும் அந்தப் பாதையில் ஆயிரம் தடவை போயிருப்பேன். அன்றுதான் பாதை நீண்டதாகத் தோன்றியது. தங்கை கலஹா பசாருக்குப் பக்கத்தில் இளைய மகனோடு இருக்கிறாள். வெயில் ஆகாது என்பதால் கொழுந்து பறிக்க அனுப்பாமல், தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகும் அவள் வளர்த்த பிள்ளைகள் தாடி மீசையோடு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

திண்ணையில் உட்கார்ந்து மருமகன் போட்ட கட்டத்தைக் காட்டினேன். அவளுக்குத் தாள் தெரியாது. மூக்குக்கு அருகே வைத்தும் பார்வை போதவில்லை. வாயால் சொன்னேன். அம்மாவைப் பற்றிய பகுதி வந்தபோது கண்ணைத் துடைத்தாள். பிறகு, "அப்பாவுக்கும் பங்கு இருக்குன்னு சொல்லுறீங்க" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப அவரு என்னயத் தூக்கியிருக்கலாம்."

திருமணப் பேச்சையும் மறைக்காமல் சொன்னேன். பன்னிரண்டில் ஒன்று என்பதையும் சொன்னேன். அவள் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. கோயில் பக்கமிருந்து மணிச் சத்தம் கேட்டது.

"என்னய மாதிரி ஒண்ணு பொறந்துடும்னா பயந்தான்?"

அது அப்படியில்லை என்று தொடங்கினேன். அவன் உன்னை நினைத்துத்தான் என்று ஏதோ சொன்னேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போன பையனின் கணக்கும் சரி, இவளுடைய கேள்வியும் சரி. இரண்டையும் ஒரே பக்கத்தில் போட எனக்கு இன்றுவரை தலைப்புக் கிடைக்கவில்லை.

கைப்பேசியில் அந்தக் குஞ்சின் படம் இருந்தது. பெரிதாக்கி அவள் கண்ணருகே பிடித்தேன். நிறம் மட்டும் மங்கலாகத் தெரிந்திருக்கும்.

"இதுக்கும் வெளிச்சம் கூசுமா அண்ணே?"

"கூசுமாம். அதன் பெட்டிப் பக்கம் மட்டும் விளக்கைப் போடாமல் வைத்திருக்கிறான்."

"அப்படியா" என்றாள். படத்தை இன்னொரு தடவை காட்டச் சொன்னாள்.